விரிசல் மேல் ஒரு கண்ணாடி

செப்டம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் என் மனைவியும் சுகம். போன் அடித்து அடித்துப் பார்த்து என்னைத் திட்டிக்கொண்டிருப்பாய். நான் என்ன செய்ய? நம் சரிவிலிருக்கிற கம்பம் குடிகாரன் மாதிரி சாய்ந்து, கம்பி அறுந்துவிட்டது. நிமிர்த்துகிறோம் என்றவர்கள் சொன்னதோடு சரி. அதனால் பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதப் பயந்த உன் தம்பி பேனா பிடித்திருக்கிறேன்.

வாசல் கதவு மூடும்போது இடித்தது, இழைத்தேன். மறுபடி இடித்தது, மறுபடி இழைத்தேன். "இப்படியே போனா கதவு ஜன்னலாயிடும்" என்கிறாள் இவள். சமையலறைச் சுவரில் தரையிலிருந்து ஒரு விரிசல் ஏறியது. பூசி, தேய்த்து, வெள்ளையடித்தேன். கொத்தனார் வீட்டுச் சுவரில் விரிசல் என்றால் எவன் எனக்கு வேலை கொடுப்பான்? சரிவில் நமக்குக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா தன் சுவரையும் பார்க்கச் சொல்கிறாள்.

உன் தம்பி

செப்டம்பர் 9

என் அருமைத் தம்பிக்கு,

உன் கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரித்தபடிதான் படிக்க ஆரம்பித்தேன். கம்பம், கதவு, விரிசல் மூன்றையும் ஒரே கடிதத்தில் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கதவில் ஒரு கோளாறும் இல்லையடா. வீடே கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்கிறது.

சரிவில் இருக்கிற மண் தன் எடையாலேயே எப்போதும் கீழே இழுபடும். அடியிலிருக்கிற பாறையோடு அதற்குள்ள பிடிதான் நிறுத்தி வைக்கிறது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினால் எடை கூடும், பிடி தளரும். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் நகரும். பிறகு ஒரே மூச்சில் வந்துவிடும். என் வேலையே இதைப் பார்ப்பதுதான். ஆனால் எங்களிடம் நகர்வை அளக்கிற கருவி ஒன்றே ஒன்று. அது ஆற்றோரச் சரிவில் இருக்கிறது.

நீ பூசியதைச் சுரண்டி எடு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையையும் சிமெண்டால் பதி. சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் உடனே எழுது. விளையாட்டில்லை.

உன் அக்கா

செப்டம்பர் 15

மண்ணு டாக்டர் அக்காவுக்கு,

உத்தரவுப்படி கண்ணாடி பதித்தாயிற்று. பழைய படச் சட்டத்திலிருந்து வெட்டினேன். வைத்த வேலையைப் பார்த்தால் நீயே சொக்கிப்போவாய்.

தையல்காரம்மாவிடம் விவரம் சொன்னேன். அதிலிருந்து தினமும் சாயங்காலம் மேலேறி வந்து எட்டிப் பார்க்கிறாள். "கண்ணாடி முழுசா இருக்கா மேஸ்திரி? அப்ப நான் நிம்மதியா தூங்குவேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுத்தான் இறங்குகிறாள். இவளுக்கும் பேச்சுத் துணை ஆயிற்று.

உன் தம்பி

அக்டோபர் 3

தம்பிக்கு,

நீ எழுதுகிறபோதெல்லாம் "கண்ணாடி முழுசு" என்று படிக்கப் படிக்க மனம் ஆறுகிறது. எங்கள் அதிகாரியிடமும் சொன்னேன். காலி செய்ய வேண்டிய சரிவுகளின் வரிசையில் உங்களுடையதைக் கடைசிக்குத் தள்ளினார். நானும் தலையாட்டினேன்.

ஆனாலும் இந்த மழையை நம்ப முடியாது. அவளையும் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் இங்கே வந்து இரேன். அக்கா வீடு உனக்கு அந்நியமா?

உன் அக்கா

அக்டோபர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

வருகிறோம், வருகிறோம். கைவேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மழை விட்ட பாடில்லை. வீட்டுக்குப் பின்னால், எங்கிருந்து என்று தெரியாமல் கலங்கல் தண்ணீர் கசிகிறது. கண்ணாடியைப் பற்றிக் கவலைப்படாதே, கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் இரண்டு தடவை கீறல் விட்டது. ஈரச் சுவரில் சிமெண்ட் இறுகினால் அப்படித்தான் பிடித்து இழுக்கும். நான் பார்க்காத சிமெண்டா? தையல்காரம்மா பார்த்தால் வீணாகப் பயப்படுவாள். அவள் வருவதற்குள் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதித்துவிட்டேன். இப்போது இருப்பது மூன்றாவது. அரைகுறை வேலையைச் சுவரில் விட்டுவைக்க எனக்கு மனசு வராது.

உன் தம்பி

அக்டோபர் 13

தம்பி,

இதைப் படித்து முடிக்காதே. கிளம்பு. அவளைக் கூட்டிக்கொண்டு, தையல்காரம்மாவையும் இழுத்துக்கொண்டு, எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போ. சாமான் எடுக்காதே. கண்ணாடி இரண்டு தடவை உடைந்திருக்கிறது, பாவி, அதைத்தானே உன்னிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்! எங்கள் ஆபீஸ் ஜீப் ஆற்றோரம் மாட்டிக்கொண்டது. பஸ் கண்டக்டரின் காலில் விழாத குறையாக இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அக்கா

அக்டோபர் 16
பள்ளிக்கூடத்திலிருந்து

அக்காவுக்கு,

நாங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறோம். கண்டக்டர் கடிதத்தைக் கொடுத்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. நீ சொன்னபடி படித்து முடிக்கவில்லை. இவளை முன்னால் அனுப்பிவிட்டுக் கீழ்வீட்டுக்கு ஓடினேன். தையல்காரம்மா மிஷினில் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் பள்ளிச் சீருடைகள்.

"இப்பதானே மேஸ்திரி வந்து பாத்துட்டுப் போனேன். கண்ணாடி முழுசா இருந்துச்சே?"

"அது மூணாவது கண்ணாடிம்மா. உடைஞ்சத எடுத்துட்டு நான்தான் மாத்தி வச்சேன்."

அவள் சிரித்தாள் அக்கா. "என்னைக் கிளப்பறதுக்கு இப்படி ஒரு கதையா? உங்களுக்குப் பொய் சொல்லவே வரல. துணியெல்லாம் நாளைக்குக் கொடுக்கணும், நனைஞ்சா போச்சு. விடியட்டும், நானே வந்துடறேன்."

சத்தியம் செய்தேன். கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தாள். மேலே கல் உருளுகிற சத்தம் கேட்டது. நான் ஓடிவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவள் வீட்டு விளக்கு எரிந்தது. அப்புறம் விளக்கு இல்லை. கல்லும் மண்ணும் மரமும் ஒன்றாகப் போகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

நம் வீட்டில் சமையலறை மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கிறது. அந்தப் பக்கம் நான் போகவில்லை.

உன் அதிகாரியிடம் என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. நடந்ததை அப்படியே சொல். நீ தலையாட்டியதும் என் பேச்சை நம்பித்தானே.

இவளை நாளைப் பஸ்ஸில் உன்னிடம் அனுப்புகிறேன். பேச்சே நின்றுவிட்டது அவளுக்கு. பக்கத்திலேயே படுக்க வைத்துக்கொள். நான் இப்போது வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. ஆட்களோடு சேர்ந்து மண் அள்ளிக்கொண்டிருக்கிறேன். நேற்று மிஷின் கிடைத்தது. ஊசியில் நூல் அப்படியே இருந்தது. அவள் இன்னும் கிடைக்கவில்லை.

கிடைத்ததும் எழுதுகிறேன்.

உன் தம்பி