இரவலும் நன்கொடையும்

மார்ச் 3

குட்டியின் அப்பாவுக்கு,

நலமா? உங்கள் தங்கை வீட்டில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும், அந்தக் கவலை எனக்கில்லை. ஒரு கடிதம் போட்டால் கை தேய்ந்துவிடாது என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

மியூசியத்தின் கதை தெரிந்ததுதானே. இரண்டு அறை, ஒரு மின்விசிறி, ஊழியர் என்று நான் ஒருத்தி. வருகிறவர்கள் பானை ஓடுகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டு போகிறார்கள். புதிதாக எதையும் வாங்க வழியில்லை. அதனால் ஒரு கண்ணாடிப் பெட்டியைக் காலி செய்தேன். மாதம் ஒரு வீட்டிலிருந்து ஒரு பொருள். பக்கத்தில் அந்த வீட்டார் எழுதிய நாலு வரி. போன மாதம் கண்டக்டரின் விசில். அவர் சொந்தபந்தம் மொத்தமும் திரண்டு வந்துவிட்டது. "என் விசிலுக்கு இவ்வளவு மவுசா!" என்று மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரலுக்கு நம் வீடு. குட்டியின் மஞ்சள் மழைக்கோட்டு உங்களிடம்தானே இருக்கிறது? அவள் கண்ணை மூடி இரண்டு வருடம். நீங்கள் கிளம்பிப் போய் ஒன்றரை வருடம். அவளைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அந்த நாலு வரியை நீங்கள் எழுதுங்கள்.

இதனுடன் படிவம் வைத்திருக்கிறேன். இரவல் என்றால் மாதக் கடைசியில் கொடுத்தவரே நேரில் வந்து எடுத்துப்போக வேண்டும். நான் போட்ட விதிதான். ஏன் போட்டேன் என்று உங்களுக்குத் தெரியாதா?

வழி பார்த்திருக்கும்,
குட்டியின் அம்மா

மார்ச் 17

காப்பாளரம்மா,

யோசனை பிரமாதம். உன் மூளைக்கு என்றைக்குமே ஓய்வில்லை.

மழைக்கோட்டை அனுப்பியிருக்கிறேன். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. என்னால் தாங்க முடியவில்லை. அந்த வீட்டை நினைத்தாலும் அப்படித்தான், அவள் சத்தம் கேட்கிறது. நாலு வரிக்காக ஐந்து நாள் உட்கார்ந்தேன். ஒரு வார்த்தைதான் வந்தது. அந்த அட்டையும் உள்ளே இருக்கிறது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
நான்

மே 2

ஐயா,

தாங்கள் அனுப்பிய மழைக்கோட்டு ஒன்று கிடைக்கப்பெற்றது. படிவத்தில் 'இரவல்' என்பதை அடித்துவிட்டு 'நன்கொடை' என்பதில் குறியிட்டிருக்கிறீர்கள். கை தவறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஏப்ரல் முப்பதாம் தேதி, மூடும் நேரம் தாண்டியும் கதவைத் திறந்தே வைத்திருந்தேன். கை தவறவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

மழைக்கோட்டைப் பார்க்க நூற்றுப்பத்துப் பேர் வந்தார்கள். அவள் வகுப்புப் பிள்ளைகளும் வந்தார்கள், எல்லோரும் வளர்ந்துவிட்டார்கள். ஒருத்தி, "ஆன்ட்டி, இந்த ஒரு பட்டன் மட்டும் ஏன் சிவப்பு நூல்ல தெச்சிருக்கு?" என்றாள். "அவ அப்பா தெச்சது. மஞ்சள் நூல் தேடப் பொறுமையில்ல" என்றேன். உள்ளே போய் அழுதேன்.

நாலு வரியை நான் எழுதவில்லை. உங்கள் அட்டையையே வைத்தேன்: 'மழை.' எல்லோரும் அங்கேதான் அதிக நேரம் நின்றார்கள்.

நன்கொடையைத் திருப்பிக் கேட்க முடியாது. வந்த நிலையிலேயே அதைக் காக்க வேண்டும். சிவப்பு நூலை மாற்ற மாட்டேன்.

உங்கள் சட்டைகளை ஒன்றரை வருடமாகத் துவைத்து மடித்து வைத்திருந்தேன். இன்று பார்சலில் அனுப்புகிறேன். அவை என்னிடம் இரவலாகத்தான் இருந்தன. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்திட்டு அனுப்பவும்.

இப்படிக்கு,
காப்பாளர்