கையுறையில் தூவிய துபாய் பவுடர்

அனுப்புநர்:
த. பாலையன் (வயது 49),
ஆபரேஷன் அறை உதவியாளர்,
ஆரியங்கோடு, நெய்யாற்றின்கரை தாலுகா.

பெறுநர்:
மாவட்ட மருத்துவ அதிகாரி அவர்கள்,
திருவனந்தபுரம்.

பொருள்: வயிற்று ஆபரேஷனுக்குப் பின் குடல் ஒட்டிக்கொள்வதைத் தடுக்க உத்தரவு கேட்பதும், என்மேல் விசாரணை கேட்பதும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பத்தொன்பது வருஷமாக ரப்பர் கையுறைகளைக் கழுவி, கொடியில் உலர்த்தி, ஊதி ஓட்டை பார்த்து, கையில் வழுக்கி ஏறப் பவுடர் தூவி, துணியில் பொதிந்து, கிருமி சாக ஆவிப்பெட்டியில் வைப்பது என் வேலை. நான் தந்த கையுறை கையில் ஏறவில்லை என்று எந்த டாக்டரும் குறை சொன்னதில்லை. ஆஸ்பத்திரியின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

2. சென்ற நவம்பரில் என் மனைவி குஞ்சம்மாவுக்குக் கர்ப்பப்பைக் கட்டிக்காக அங்கேயே வயிற்றைத் திறந்தார்கள். அந்த வாரம் சர்க்கார் பவுடர் தீர்ந்திருந்தது. ஸ்டோரில் கேட்டால் வரும், வரும் என்றார்கள். துபாயில் இருக்கும் எங்கள் மகன் விஜயதாஸ் ஊர்க்காரர் கையில் கொடுத்துவிட்ட முகப்பவுடர் டின் ஒன்று வீட்டில் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போகும்போது மட்டும்தான் குஞ்சம்மா அதைத் தொடுவாள். அவளுடைய ஆபரேஷன் ஆயிற்றே, உள்ளதில் நல்லதைப் போடுவோம் என்று அதைக் கொண்டுபோய்த் தாராளமாகத் தூவினேன். கையுறையை மாட்டிய டாக்டர், இன்றைக்குக் கல்யாண வீட்டு மணம் அடிக்கிறதே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, ஐயா.

3. ஏழு மாதம் கழித்து அவள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி எடுத்தாள். காற்றும் பிரியவில்லை. வாயுக்கோளாறு என்று ஒன்றரை நாள் ஓமத்தண்ணீர் கொடுத்தோம். இப்படி வந்தால் உடனே ஓடிவர வேண்டும் என்று வீட்டுக்கு அனுப்பும்போது யாரும் சொல்லவில்லை. நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடியும் திறந்தபோது குடல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததாம். வயிற்றைத் திறந்த யாருக்கும் இது வரலாம், ஆனால் பவுடர் துகள் உள்ளே தங்கினால் இன்னும் மோசம், கையுறையை மாட்டியபின் சுத்திகரித்த தண்ணீரில் கழுவியே வயிற்றைத் தொட வேண்டும் என்று அங்குள்ள டாக்டர் விளக்கினார். வெட்டியெடுத்த தசையைச் சோதித்ததில் பவுடர் துகள் தெரிந்தது. என்ன பவுடர் என்று கேட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய் அவளுடைய கேஸ் தாளில் அப்படியே இருக்கிறது.

4. எங்கள் தலைமை நர்ஸிடம் உண்மையைச் சொன்னேன். பாலையா, பென்ஷன் வாங்குற வழியைப் பாரும் என்று ரெஜிஸ்டரை மூடிவிட்டார். அதே டின்னிலிருந்து மேலும் பதினொரு பேருடைய ஆபரேஷனுக்கு நான் பவுடர் தூவியிருக்கிறேன். அவர்களில் அதியன்னூர்க்காரி ஒருத்தியைச் சந்தையில் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவள், பித்தமாக்கும் என்றாள். நான் மரச்சீனிக் கிழங்கு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

5. குஞ்சம்மாவுக்கு இப்போது மறுபடியும் வலி. மூன்றாவது முறை திறந்தால் புதிதாக ஒட்டும் என்று டாக்டர்கள் தயங்குகிறார்கள்.

ஆகவே ஐயா, ஆபரேஷன் மேஜை ஒவ்வொன்றின் பக்கத்திலும் கையுறை கழுவச் சுத்திகரித்த தண்ணீர்ப் பாத்திரம் வைக்க உத்தரவிட வேண்டும். வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஆபத்தின் அடையாளங்களைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதித் தர வேண்டும். அந்தப் பதினொரு பேரையும் உடனே கூப்பிட்டுச் சோதிக்க வேண்டும். நான் போய்ச் சொன்னால் கிறுக்கன் என்பார்கள். தாங்கள் அழைத்தால் வருவார்கள்.

என்மேல் என்ன நடவடிக்கை எடுத்தாலும் சம்மதம். வேலை போனாலும், குடியிருந்தவருக்கே நிலம் என்ற சட்டத்தில் குடிகிடப்பாகக் கிடைத்த பத்து சென்ட் உண்டு. அங்கிருந்து யாரும் எங்களை இறக்கிவிட முடியாது.

ஒரே ஒரு தயவு. பதிலை என் வீட்டு முகவரிக்கு அனுப்ப வேண்டாம், ஆரியங்கோடு தபால் நிலையத்தில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். குஞ்சம்மாவுக்கு வாசிக்கத் தெரியும். நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு இன்னொரு டின் கொடுத்துவிடட்டுமா என்று மகன் கேட்டு எழுதியிருக்கிறான். அவனுக்கும் பதில் போடவில்லை.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. பாலையன்
(ஒப்பம்)

இடம்: ஆரியங்கோடு
நாள்: 14-9-1982

இணைப்பு:
ஆஸ்பத்திரியின் பெயர் எழுதிய தாள் - 1
பதினொரு பேரின் பெயர், ஊர் - 1 தாள்
பவுடர் டின் - 1 (கால் பங்கு மீதி உண்டு)