நியூ ஜெர்சி யார் பக்கம்?

பிஸ்கட்டவே, நியூ ஜெர்சி
மார்ச் 9, 1997

ஜலாவுக்கு,

தாரிணிக்கு ஸ்கூலில் ஒரு ப்ராஜெக்ட்: அமெரிக்க உள்நாட்டுப் போரில் நியூ ஜெர்சி. லைப்ரரி புத்தகங்களை வைத்துக்கொண்டு இருவரும் எழுதினோம். நம் ஸ்டேட் வடக்கோடுதான் இருந்தது, படையும் அனுப்பியது. ஆனால் தேர்தலில் லிங்கனுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தையும் முதலில் ஏற்கவில்லை.

"ஸோ, ஹூஸ் சைட், அப்பா?" என்றாள். வடக்கு என்று எழுதச் சொன்னேன்.

என் அம்மா இங்கே வந்திருந்த ஆறு மாதமும், மாதவிலக்கானால் தூரமென்று அவள் உன்னை மாதாமாதம் மூன்று நாள் பேஸ்மென்ட்டில் உட்கார வைத்தபோது, சாப்பாட்டுத் தட்டைக் கீழே கொண்டுவந்தது நான்தான். அதுவே உன் பக்கம் நிற்பது என்று நினைத்திருந்தேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தெற்கே, நீ தனியாகப் போயிருக்கும் ரிச்சர்ட்சனில் இப்போதே வெயில் தொடங்கியிருக்கும். புது வேலை பிடித்திருக்கிறதா?

நேற்று அம்மாவுக்குப் போன் பண்ணி, "நீ பண்ணது தப்பும்மா" என்றேன்.

"அவதான் போயிட்டாளே, இப்ப எதுக்குடா சொல்றே?" என்றாள்.

நியூ ஜெர்சியும் கடைசியில் அந்தச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. நாடு முழுவதும் அது அமலுக்கு வந்து ஒரு மாதம் கழித்து.

இப்படிக்கு,
தாரிணியின் அப்பா