நாய் வரட்டும், கயிற்றில் வரட்டும்

2-11-2025, ஞாயிறு

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ள வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. படிக்கப்போவதும் நான்தான். ஆனாலும் கேட்டுவிடுவது மரியாதை. நான் ஒரு வரி எழுதுவதற்குள் என் வீட்டுக்காரி பெரியம்மாள் உலை வைத்துச் சோற்றையே இறக்கிவிடுகிறாள். "ஏர் புடிச்ச கைக்குப் பேனா இன்னாத்துக்கு" என்கிறாள். சொல்லிவிட்டு, நான் எழுதி முடிக்கும்வரை டிவி சத்தத்தைக் குறைத்து வைக்கிறாள்.

கோபால்சாமி. இது என் பேர். இதை எழுதத்தான் எத்தனை நாள் ஆனது. இப்போது கண்ணை மூடிக்கொண்டும் எழுதுவேன்.

எழுதப் படிக்கக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் தேவயானி டீச்சர் தினமும் எழுதச் சொல்கிறார். தினமும் என்ன எழுதுவது? ஆடு மேய்ந்தது, மழை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் எழுதுவதற்குச் சங்கதி இருக்கிறது. அன்று சிவசங்கரியம்மா மலைமேல் நடக்க வருவார். கணியம்பாடியில் தையல் கடை வைத்திருப்பவர். கூடவே பீமன் வருவான்.

பீமன் பெரிய நாய், செம்பட்டை நிறம். பேர்தான் பீமன், சேவலைக் கண்டால் அந்த அம்மாவின் காலுக்குள் ஒளிவான். அவர் வீட்டுக்காரர் வளர்த்தது. அவர் போன வருஷம் தவறிவிட்டார். அதன்பிறகு நாய் வாசற்படியை விட்டு எழவில்லை, அந்த அம்மாவும் வீட்டை விட்டு வரவில்லை. "யாரு யாரை வெளிய இட்டுனு வந்தோம்னு தெரியலங்க ஐயா" என்றார் ஒரு நாள்.

காப்புக்காட்டு வழியில் நாயை விடமாட்டார்கள். ரோட்டில் போனால் தெருநாய்கள் சூழ்ந்துகொள்ளும். எங்கள் வழி கொல்லை வழி, விளைநிலத்துக்குள்ளேயே போவது. சாமைக் கொல்லையைத் தாண்டி, பெரிய பாறையைத் தாண்டி ஏறினால் மேலே மொட்டைப்புல். அங்கே மரமே கிடையாது. இடுப்பளவு புல்லும் காற்றும்தான். நானும் என் நாய் செவலையும் வழி காட்டப் போவோம். எனக்கும் வேறு வேலை என்ன?

இன்று பீமன் புல்லில் புரண்டான். அந்த அம்மா சிரித்தார்.

9-11-2025

கை ஓடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

எங்கள் மலையில் யாரும் நாயைக் கட்டுவதில்லை. கழுத்தில் கயிற்றோடு ஒரு நாய் நடந்தால் எனக்கே தொண்டை அடைக்கிற மாதிரி இருக்கும். செவலை முன்னால் ஓடி ஓடித் திரும்பிப் பார்க்கிறது, பீமன் கயிற்றை இழுக்கிறான். "அவுத்து வுடும்மா, பாவம். இங்க இன்னா பஸ்ஸா வருது" என்றேன். அந்த அம்மா யோசித்தார். "ஒண்ணும் ஆவாதா ஐயா?" "ஒண்ணும் ஆவாது" என்றேன். நான்தான் சொன்னேன்.

பாறைக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி மங்கம்மாளின் ஆடுகள். செவலை ஆடுகளோடு பிறந்து வளர்ந்தது, அதுபாட்டுக்குப் போனது. பீமன் ஆட்டையே பார்த்ததில்லை. விளையாட்டு என்று நினைத்துப் பாய்ந்தான். ஆடுகள் சிதறி ஓடின. சினையாடு பாறை இடுக்கில் காலை விட்டுக்கொண்டது. அது கத்திய கத்தல் — இன்னும் காதிலேயே இருக்கிறது.

மங்கம்மாள் மூங்கில் பத்தை வைத்துக் காலைக் கட்டினாள். அந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அழுதார். மங்கம்மாள் அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான், "அது ஊரு நாயி, அதுக்குத் தெரியாது. உனுக்கு இன்னாண்ணா? உனுக்குமா தெரியாது?"

எனக்கு ஏன் அந்த வேலை? கயிறு அந்த அம்மா கையில, நாய் அந்த அம்மாவோடது, நான் யாரு அவுக்கச் சொல்ல?

10-11-2025

மங்கம்மாள் வழிக்குக் குறுக்கே இலந்தை முள்ளை வெட்டிப் போட்டுவிட்டாள். அவள் கொல்லை, அவள் இஷ்டம். இனி ஊர் நாய் எதுவும் அந்தப் பக்கம் போகக் கூடாது. நாயோடு மேலே போக வேறு வழியும் இல்லை.

16-11-2025

சிவசங்கரியம்மா தனியாக வந்தார். ஒரு பை பிண்ணாக்கு கொண்டுவந்தார். மங்கம்மாள் வாங்கிக்கொண்டாள், உட்காரச் சொல்லவில்லை. அவரே ஆட்டுப்பட்டிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தார்.

பீமன் எங்கே என்று நான் கேட்டேன். மறுபடி வாசற்படியில் படுத்துவிட்டானாம். சோற்றை வைத்தால் மோந்துகூடப் பார்ப்பதில்லை. "நானும் சும்மாதான் இருக்கேன் ஐயா. கடையைத் தொறக்கிறேன், மூடுறேன்."

மங்கம்மாள் தழை கழித்துக்கொண்டிருந்தாள். "அது துன்னலன்னா என் ஆடு எழுந்து நடந்துடுமா?" என்றாள். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

அந்த அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது மங்கம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆடு குட்டி போடட்டும். பொழைச்சா அந்த நாயை இட்டுனு வா. மேல போறதுக்கு இல்ல. பட்டியில வுடறதுக்கு."

20-11-2025

ஆடு குட்டி போட்டது. ஒன்று. தாயும் நன்றாக இருக்கிறது. வியாழக்கிழமையானாலும் எழுதிவிட்டேன்.

23-11-2025

நாய்க்குட்டி வாங்கினால் எங்கள் ஊரில் முதலில் ஆட்டுப்பட்டிக்குள்தான் விடுவார்கள். ஆட்டு வாடை அதன் மேல் ஏற வேண்டும். தாயாடு இரண்டு முட்டு முட்டும். அப்புறம் ஆயுசுக்கும் அது ஆட்டைத் துரத்தாது என்பார்கள். பீமன் குட்டி இல்லை, கழுதை வயசு. ஆனாலும் மங்கம்மாள் அவனைப் பட்டிக்குள் விட்டாள். கயிற்றைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டாள்.

தாயாடு கட்டுப்போட்ட காலை நொண்டிக்கொண்டே வந்தது. பீமனைப் பார்த்தது. ஒரே முட்டு. இவ்வளவு பெரிய நாய் வீல் என்று கத்தி மங்கம்மாளின் புடவைக்குப் பின்னால் போய் நின்றது.

அவள் சிரிப்பை அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. "இதுக்குப் போயி பீமன்னு பேரு வச்ச மகராசன் யாரு?"

"எங்க வூட்டுக்காரருங்க" என்றார் அந்த அம்மா.

மங்கம்மாளின் சிரிப்பு நின்றுபோனது. கொஞ்ச நேரம் நாயின் தலையில் கையை வைத்திருந்தாள். அப்புறம் உள்ளே போய்க் கேழ்வரகுக் கூழ் கொண்டுவந்து சட்டியில் ஊற்றினாள். பீமன் சட்டியை நக்கித் தீர்த்தான்.

"முள்ளை எடுக்கிறேன்" என்றாள் என்னிடம். "ஆனா இவங்க ஒருத்தரோட போவாது. நாளைக்கு இன்னொருத்தன் நாயோட வருவான், நீ பல்லைக் காட்டிக்கினு அவுத்து வுடுன்னுவ. எழுதக் கத்துக்கினியே, எழுதி வை. நான் சொல்றதை எழுது. உன் சொந்தச் சரக்கைச் சேக்காத."

30-11-2025

வீட்டுக் கேட்டுக்கு அடித்தது போக மிச்சம் என்று அந்த அம்மா நீலப் பெயிண்ட் கொண்டுவந்தார். பாறையில் எழுதினேன். நோட்டில் எழுதுவதுபோல் இல்லை. பாறைக்குக் கோடு கிடையாது. எழுத்துகள் மலை ஏறுவதுபோல மேலே மேலே போகின்றன. அவள் சொன்னது இதுதான், அப்படியே எழுதினேன்:

நாய் வரட்டும். கயிற்றில் வரட்டும். என் ஆட்டுக்கும் உயிர் உண்டு. சொன்னது

அதோடு பாறை முடிந்துவிட்டது. மங்கம்மாள் என்ற பேரைச் சுற்றிப்போய் அந்தப் பக்கத்தில் எழுதினேன்.

அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் விரலை வைத்துக் கேட்டாள், "என் பேரு மட்டும் ஏண்ணா அங்க போச்சு?"

"பாறை பத்தல."

"என் பேருக்குத்தான் பத்தாதா?"

7-12-2025

இன்று வேலூரிலிருந்து ஒரு தம்பியும் ஒரு பெண்ணும் வந்தார்கள். குட்டை நாய், அவிழ்த்துவிட்டபடியே வந்தது. நான் புளியமரத்தின் பின்னால் நின்றுகொண்டேன். வழியைக் கேட்டால் சொல்ல வேண்டியதாகிவிடும். நான் சொல்லக் கூடாது, அவர்கள் படிக்க வேண்டும்.

அந்தப் பெண் நின்றது. வாய்விட்டுப் படித்தது. என் கோணல் எழுத்தைத் தடுமாறாமல் படித்தது. "சொன்னது... யாரு? காணோமே" என்று பாறையைச் சுற்றிப் போனது. அந்தப் பக்கம் பேர் இருந்தது. பேருக்குக் கீழே குட்டியை மடியில் வைத்துக்கொண்டு மங்கம்மாளே உட்கார்ந்திருந்தாள்.

"மங்கம்மாள்" என்று படித்தது அந்தப் பெண்.

"நான்தான்" என்றாள் மங்கம்மாள்.

அந்தத் தம்பி பையிலிருந்து கயிற்றை எடுத்து நாய்க்குக் கட்டினான்.

கொஞ்சம் பின்னால் சிவசங்கரியம்மா வந்தார், பீமனைக் கயிற்றில் பிடித்தபடி. நொண்டி ஆட்டைக் கண்டதும் பீமன் வழியை விட்டு ஒதுங்கி நின்றான், அது போகும்வரை. எல்லாரும் ஒன்றாக மேலே போனோம்.

திரும்பி வரும்போது மங்கம்மாள் கேட்டாள்: "தேவயானி கிளாஸ்ல பொம்பளைங்களையும் சேத்துக்குவாங்களா? பேரு மட்டும் போதும் எனுக்கு."

மொட்டைப்புல்லில் இன்று காற்று எப்படி இருந்தது என்று எழுத நினைத்தேன். விரல் மரத்துவிட்டது. காற்று எங்கேயும் போய்விடாது, அடுத்த ஞாயிறு எழுதுகிறேன்.