தூக்காதே என்ற சாஸ்திரம்

காலையில் குழந்தைக்கு வசம்பு சுட்டேன். அந்த வாசனை கூடத்தில் பரவியதும் உங்கள்மேல் கோபம் வந்துவிட்டது. போனவர்மேல் கோபப்படக் கூடாதாம். நான் என்ன செய்ய? நம் பெண் வேதா பிரசவத்துக்கு ஸ்ரீரங்கம் வந்தாள். பெண் குழந்தை. மாதம் இரண்டாகிறது.

வேதா கைக்குழந்தையாக இருந்தபோதுதான் நீங்கள் வாத்தியார் வேலைக்கான படிப்புக்குத் திருச்சி போய்வந்தீர்கள். மனோதத்துவம் அதில் ஒரு பாடம். ரயிலை விட்டு இறங்கி வந்து, கால்கூடக் கழுவாமல், மனசு என்று ஒன்று இருப்பதற்கு அத்தாட்சியே இல்லை என்று என்னிடம் சொன்ன மனுஷர் நீங்கள். கண்ணுக்குத் தெரிகிற நடத்தைதான் சாஸ்திரமாம். அழும்போதெல்லாம் தூக்கினால் குழந்தை அழுகையையே பழக்கமாக்கிக்கொள்ளுமாம். தொட்டிலுக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

"ஏன்னா, எனக்கு வயிறு பதறறது" என்றேன்.

"உள்ளுக்குள்ள பார்த்துச் சொல்றதெல்லாம் பழைய கட்சி. இப்போ அது செல்லாது" என்றீர்கள்.

வேதா அழுது அழுது தானாகவே ஓய்ந்தாள். பலித்துவிட்டது என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம். எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. அதுவும் கண்ணுக்குத் தெரிந்ததுதான்; நீங்கள் பார்க்கவில்லை.

யுத்த காலத்தில் மனோதத்துவத்தில் கட்சி மாறினீர்கள். ஒரு நாள் சாத்தமுது சாதத்தைப் பிசைந்துகொண்டே, சிசுவாக இருக்கும்போது பட்ட ஏக்கம் மனத்தின் அடியில் போய்த் தங்கிவிடும், ஆயுசுக்கும் ஆட்டிவைக்கும் என்றீர்கள், முன்பு பேசிய அதே தீர்மானத்தோடு. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

"அப்போ வேதா?"

"சாஸ்திரம் வளரறதுடி. மோர் விடு."

மோர் விட்டேன். அப்புறம் மூன்றாவது கட்சி ஒன்றும் வந்தது. எதையும் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுசாகப் பார்க்க வேண்டுமாம். முழுசாகப் பார்ப்பதற்குள் போன ஐப்பசியில் ஆசாரியன் திருவடி சேர்ந்துவிட்டீர்கள்.

இன்று குழந்தை வீறிட்டு அழுதது. குளிப்பாட்டிப் பாலும் கொடுத்தாயிற்று, பசியில்லை. தூக்கப் போனேன். வேதா தடுத்தாள்.

"தூக்காதேம்மா. அப்பா என்னைத் தூக்க விடாமத்தானே வளர்த்தார்? நான் என்ன கொறஞ்சு போயிட்டேன்?"

இதற்கு என்ன சொல்வது? குறைந்துதான் போனாய் என்று பெற்றவள் வாயால் சொல்ல முடியுமா? குறையவில்லை என்று சொன்னால் இந்தக் குழந்தை அழுதுகொண்டே கிடக்க வேண்டும். இப்படி என்னை மாட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். சண்டை போடக்கூட ஆளில்லை.

குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். இரண்டு விம்மல், அடங்கிவிட்டது. வேதா கோபிப்பாள் என்று நினைத்தேன். அவள் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னையும் இப்படித் தூக்கணும்னு உனக்குத் தோணித்தாம்மா?"

"தினம் தோணித்துடி."

அவள் உள்ளே போய்விட்டாள். உங்கள் புத்தகங்களை நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். எடுத்துப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். அன்றைக்குத் தூக்காமல் நின்றேனே, அந்தத் தவிப்பை யார் வந்து எடுத்துப்போவார்கள்?