வெள்ளைச் சேவலுக்குப் பச்சை என்று பெயர்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே காற்று. கொடியில் போட்ட யூனிஃபார்ம் பக்கத்து வீட்டு முருங்கையில் போய்த் தொங்கியது. எடுத்து, உதறி, மறுபடி அலசி, ஈரத்தோடு இஸ்திரி. பஸ்ஸை ஓடிப் பிடித்தேன்.

பச்சை இன்று கூவவில்லை.

புது நோட்டு என்பதால் பச்சையைப் பற்றி முதலிலேயே எழுதிவிடுகிறேன். போன வருடம் தேருக்குப் போனபோது சாயம் பூசிய கோழிக்குஞ்சு விற்றார்கள். ரோஸ், மஞ்சள், பச்சை. நான் அழுது வாங்கியது பச்சை. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது கோழிக்குஞ்சுக்கு அழுதேன் என்பதை வேறு எங்கும் எழுத மாட்டேன். ஒரு மாதத்தில் சாயம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இப்போது முழு வெள்ளைச் சேவல். கூப்பிட்டால் வரும். என் செருப்பை மட்டும் கொத்தாது.

ஆனால் பச்சை எங்கள் வீட்டில் இருக்கவே கூடாது. அப்பா முட்டைக்கோழிப் பண்ணையில் சூப்பர்வைசர். பண்ணையில் வேலை செய்கிறவர்கள் வீட்டில் ஒரு பறவையும் வளர்க்கக் கூடாது. வீட்டுக் கோழிக்கு நோய் வந்தால் செருப்பில், சட்டையில் ஒட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் போய்விடும். வருடா வருடம் ஒரு தாள் தருவார்கள். 'வீட்டில் கோழி, வாத்து, புறா உண்டா?' அப்பா 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த 'இல்லை' அப்போது அவர் காலடியில் பொட்டுக்கடலை பொறுக்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் போனில் இருக்கும்போது பச்சை கூவினால் அம்மா உடனே டிவி சத்தத்தைக் கூட்டுவார். மேனேஜர் ஒருமுறை கேட்டாராம், "ஏம்ப்பா, உங்க ஊட்டுல எந்நேரமும் டிவிதானா?"

ஜூலை 9, புதன்

காற்று. வாயெல்லாம் மண்.

ச.அ. வகுப்பில் வாசிப்பு. (ச.அ. = சமூக அறிவியல்.) பிரதமரும் அமைச்சரவையும் பாடம். வருகைப் பதிவு வரிசைப்படி ஆளுக்கு ஒரு பத்தி. நான் 19. எண்ணிப் பார்த்தேன், எனக்கு வருவது நான்கு வரிப் பத்தி. மனதுக்குள் இரண்டு தடவை ஒத்திகையும் ஆயிற்று. பதினொன்றாம் நம்பர் வரவில்லை என்பதைக் கவனிக்கவில்லை. எல்லாம் ஒன்று தள்ளி, எனக்கு நீளமான பத்தி. 'கூட்டுப்பொறுப்பு' என்ற இடத்தில் நாக்கு மாட்டிக்கொண்டது.

மிஸ்: "அப்படின்னா என்ன?"

நான்: "எல்லாரும் சேர்ந்து மாட்டிக்கறதுங்க மிஸ்."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, பாதி சரி என்றார். அமைச்சரவை உள்ளே உட்கார்ந்து எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாமாம். வெளியே வந்தால் ஒரே பேச்சுத்தான். ஒத்துக்கொள்ள முடியாதவர் பதவியை விட்டுப் போக வேண்டும்.

எங்கள் வீடும் அப்படித்தான். அப்பா பிரதமர். அம்மா, டிவி ரிமோட் துறை. நான் கால்நடை.

சாயங்காலம் பச்சை ஒரு மூலையில். மூக்கில் சளி, இடது கண் வீங்கி மூடியிருக்கிறது. இரையைப் பார்க்கவே இல்லை. அப்பா உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தார். தொடவில்லை. எழுந்து போய் செருப்பைப் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறப் போட்டார்.

"என்னங்க?" என்றார் அம்மா.

"ஒண்ணுமில்ல."

ஜூலை 10, வியாழன்

கணக்கு டெஸ்ட். மோசமில்லை.

அப்பா வேலைக்குப் போகவில்லை. காலையில் மேனேஜருக்குப் போன்: "காய்ச்சலுங்க சார். ஒடம்பு முடியலைங்க." குரலைக் கூடக் கொஞ்சம் தளர்த்தி. அப்பா பொய் சொல்லி நான் நேரில் கேட்டது இதுதான் முதல் தடவை. நன்றாகவே சொன்னார், அதுதான் கஷ்டமாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் சொன்னார்: "அது என்ன நோவுன்னு தெரியாம நான் ஷெட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது சாமி. அங்க அத்தன கோழி இருக்குது."

"அப்ப அதையே சொல்லியிருக்கலாமில்லப்பா?"

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

மிஸ் வீட்டுப்பாடம்: 'நாட்டை நடத்துபவரிடம் எனக்கு வேண்டிய ஒரு குணம்.' ஒரு பக்கம். திங்கட்கிழமை எல்லோரும் வகுப்பில் வாசிக்க வேண்டும். ஒன்றுதான் எழுத வேண்டுமாம். ஒன்பது குணம் எழுதிக்கொண்டு வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவாராம்.

யோசித்தவை:
நேர்மை (எல்லோரும் இதைத்தான் எழுதுவார்கள்)
தைரியம் (பையன்கள்)
நன்றாகப் பேசுவது (வேண்டவே வேண்டாம், இருப்பதே போதும்)
தூங்காமல் உழைப்பது (தூங்காவிட்டால் எனக்குக் கணக்கு வருவதில்லை, அவருக்கு நாடு எப்படி வரும்)

ஒன்றும் பிடிக்கவில்லை. செய்தியில் தலைவர்கள் பேசுவதைப் பார்த்தேன். எல்லோரிடமும் நல்ல செய்தி மட்டுமே இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

பச்சை தண்ணீர் மட்டும் குடித்தான், அதுவும் நான் அலகில் சொட்டு விட்டதால். மூச்சு விடும்போது கொர்ரென்று சத்தம்.

மதியம் மேனேஜர் போன் செய்தாராம், விசாரிக்க. "எளநி குடி. ரெண்டு நாள் நல்லாப் படுத்துக்க. ஷெட்ட நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். இதைச் சொல்லும்போது அப்பாவுக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது.

அவர் திட்டியிருந்தால் தேவலை.

அப்பா ஏன் சொல்லவில்லை என்று அம்மா சொன்னார். மூன்று வருடத்துக்கு முன்னால் பண்ணையில் ஒருத்தர், தன் வீட்டு நாட்டுக்கோழி இரண்டு செத்துப்போனதாகத் தானாகவே போய்ச் சொன்னார். அன்று மதியமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அப்புறம் யாரும் வாயைத் திறப்பதில்லை. பண்ணையில் வேலை செய்கிற ஐந்து பேர் வீட்டிலாவது கோழி இருக்கிறது, அம்மாவுக்கே தெரியும். ஐந்து பேரும் 'இல்லை' என்றுதான் எழுதியிருக்கிறார்கள். மேனேஜர் அந்தத் தாள்களைப் பார்த்து, ஒருத்தர் வீட்டிலும் கோழி இல்லை என்று நம்பிக்கொண்டிருப்பார்.

இதையே யோசித்துக்கொண்டு இருந்தேன். நிஜம் சொன்னவர் வெளியே. பொய் எழுதினவர்கள் உள்ளே. நாட்டுக்கும் இப்படி நடந்தால்? டெல்லி வரைக்கும் எத்தனை தாள் போகும். ஒவ்வொரு தாளிலும் 'இல்லை' என்று எழுதியிருந்தால் பிரதமருக்கு எப்படித்தான் தெரியும்?

பச்சையைக் கொன்றுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவுக்கு வேலை போய்விடுமோ என்றும். இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் எனக்கே சொல்ல வெட்கம்.

ஜூலை 12, சனி

நாமக்கல், கால்நடை ஆஸ்பத்திரி. அம்மாவும் நானும். பச்சை அட்டைப்பெட்டியில், நான்கு பக்கமும் ஓட்டை போட்டு. கண்டக்டர்: "உள்ள என்னம்மா?" அம்மா: "துணிங்க." அப்போது பார்த்துத் துணி தும்மியது. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

அங்கே வரிசை. எங்களுக்கு முன்னால் ஓர் ஆடு, ஒரு கிளிக்கூண்டு, நாய் நான்கு. டாக்டர் சின்ன வயது அக்கா. மூக்குக் கண்ணாடி, கையுறை. பச்சையைத் தூக்கி, அலகைத் திறந்து, மார்பில் கை வைத்துப் பார்த்தார். பேர் கேட்டார். சொன்னேன். வெள்ளையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆஸ்பத்திரிச் சீட்டில் 'பச்சை' என்றே எழுதினார்.

அப்புறம் கேட்டார், "ஊட்டுல யாராச்சும் கோழிப்பண்ணைல வேலை செய்யறாங்களா?"

அம்மா: "இல்லீங்க."

நான்: "எங்கப்பாங்க."

இரண்டும் ஒன்றாக விழுந்தன. டாக்டர் பேனாவை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் வேண்டுமென்று யோசித்துச் சொல்லவில்லை. கேட்டார், வாய் சொல்லிவிட்டது.

டாக்டர் சத்தம் போடவில்லை. "அவரு இப்ப பண்ணைக்குப் போறாரா?"

"புதன்கிழமைல இருந்து போறதில்லீங்க" என்றார் அம்மா. புதன்கிழமை போனார், வியாழனில் இருந்துதான் போகவில்லை. இந்தத் தடவை நான் திருத்தவில்லை. பஸ்ஸில் வரும்போது அது வேறு உறுத்தியது.

"போகாம இருக்கறது நல்லது. ஆனா அவங்க கிட்ட சொல்லீருங்க. நீங்களா சொல்றதுதான் மரியாதை" என்றார் டாக்டர். தொண்டையில் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து வைத்துக்கொண்டார். தண்ணீரில் கலக்க ஒரு மருந்து, கண்ணுக்குச் சொட்டு. சோதனை முடிவைத் திங்கட்கிழமை போனில் சொல்வார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா பெட்டியைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார்.

ஜூலை 13, ஞாயிறு

அமைச்சரவைக் கூட்டம். காலை இட்லியோடு தொடங்கியது.

அம்மா: "ஊட்டுக்குள்ள ஆயிரம் பேசலாம். வெளிய ஒருத்தர் முன்னால அம்மாளப் பொய்க்காரி ஆக்கிப்போட்டா உங்க புள்ள."

நான் அழுதேன். அம்மாவை அப்படி நிற்க வைத்தது எனக்கும் வலிக்கிறது. மன்னிப்புக் கேட்டேன். "போ, போய் அதுக்கு மருந்த ஊத்து" என்றார். அது பாதி மன்னித்த மாதிரி.

அப்பா திட்டவே இல்லை. கை கழுவிவிட்டு வந்து, "நீ சொல்லாட்டி நான் எப்பச் சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியல கண்ணு" என்றார். போனை எடுத்தார். வைத்தார். "ஞாயித்துக்கெழம எதுக்குத் தொந்தரவு" என்றார். மேனேஜருக்கு ஞாயிறும் வேலைதான், கோழிக்கு லீவு கிடையாது என்று சொல்வதே அப்பாதான்.

ஆத்தூர்ப் பெரியம்மா போன். பச்சையை அங்கே கொண்டுவந்து விடச் சொல்கிறார். அங்கே பண்ணை இல்லை, தோட்டம் பெரியது. ஆனால் பெரியப்பாவுக்குச் சேவல் என்றால் குழம்பு ஞாபகம்தான் வரும். "சத்தியமா அடிக்க மாட்டம் பாப்பா" என்று பின்னால் இருந்து பெரியப்பா குரல். சிரித்துக்கொண்டே சத்தியம் செய்தால் எப்படி நம்புவது?

கட்டுரை எழுதிவிட்டேன். முக்கால் பக்கம். கடைசிப் பகுதி: 'அவரிடம் கெட்ட செய்தியைக் கொண்டு போகிறவருக்குப் பயம் இருக்கக் கூடாது. அப்படி ஒருவர் வேண்டும். பயந்தால் எல்லோரும் நல்ல செய்தியே எழுதுவார்கள். பிறகு அவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல, அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதால்.'

பச்சை சாயங்காலம் நான்கு கம்பு மணி தின்றான். நான்கு. எண்ணினேன்.

ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை.

மதியம் டாக்டர் அம்மாவுக்குப் போன் செய்துவிட்டார். பயந்த பெரிய நோய் இல்லை. சளிதான். ஆனால் இந்தச் சளியும் கூண்டுக் கோழிகளுக்கு ஒட்டும், முட்டை குறைந்துவிடும். அதனால் பண்ணைக்குச் சொல்லத்தான் வேண்டும் என்றாராம்.

அதற்கு முன்னால் பள்ளியில் கட்டுரை வாசிப்பு. நேர்மை, நேர்மை, தைரியம், நேர்மை. என் முறை வந்தது, வாசித்தேன். திக்கவில்லை. மிஸ் "ம்" என்றார், அவர் 'ம்' சொன்னால் பெரிய விஷயம். "யார மனசுல வெச்சு எழுதுன?"

"யாரையும் இல்லீங்க மிஸ்." (பொய். கணக்கில் ஏறிக்கொண்டே போகிறது.)

பின் பெஞ்சில் இருந்து தமிழரசி: "அவரு நல்லவரா மாறற வரைக்கும் நாம சொல்லாமயே இருந்துக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் கிண்டலுக்குத்தான் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டில் அம்மா, "பெரிய நோவு இல்லைன்னு ஆயிப்போச்சுங்க. நாலு நாள்ல தேறிக்கும். பேசாம ஆத்தூர்ல உட்டுட்டு நீங்க வேலைக்குப் போங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

அப்பா தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா, தெரியவில்லை. என்னிடம், "கட்டுரைக்கு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் தமிழரசி கேட்டதைச் சொன்னேன். வேறு ஒன்றும் சேர்க்கவில்லை.

அப்பா சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைத்தார். எப்போதும் செய்ய மாட்டார்.

ஜூலை 15, செவ்வாய்

ஆறு மணி. காற்று நின்றிருக்கிறது. பல் கூடத் துலக்கவில்லை, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி மேல் வைத்தார். "சார், எனக்குக் காய்ச்சல் இல்லீங்க. என்ற ஊட்டுல ஒரு சேவல் இருக்குதுங்க. ஒரு வருசமா இருக்குதுங்க. அதுக்குச் சளி." எல்லாம் சொன்னார். தாளில் பொய் எழுதியதை, ஆஸ்பத்திரியை, புதன்கிழமை ஷெட்டுக்குள் போனதைக்கூட.

கட்டாகிவிட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன்.

பிறகு மேனேஜர்: "இன்னும் யாரு யாரு ஊட்டுல இருக்குது?"

அப்பா: "என்ற ஊட்டுக் கதைய மட்டுந்தானுங்க நான் சொல்ல முடியும்."

மேனேஜர், "எனக்கு ஒருத்தனும் சொல்லலியேப்பா" என்றார். கோபமாக இல்லை. களைத்த மாதிரி. "மூணு வாரம் நீ இந்தப் பக்கமே வராத. அந்தச் சேவல் ஊட்ட உட்டுப் போனதுக்கப்புறம் வா. அது இருந்தா நீ இல்ல. நீ வந்தா அது இல்ல."

"சரிங்க."

நான் வாசலைப் பார்த்தேன். அப்போதுதான், ஒரு வாரத்துக்கு அப்புறம், பச்சை கூவினான். பாதியில் உடைந்த, கீச்சென்ற கூவல்.

அம்மாவின் கை தானாக ரிமோட்டுக்குப் போனது. அப்பா அந்தக் கையை மெல்லப் பிடித்துக்கொண்டார்.

"அதானா?" என்றார் மேனேஜர்.

"ஆமாங்க. அதானுங்க."

"தொண்டை இன்னும் தேறலியே. மருந்த நிறுத்தீராத."