ஓரத்திலிருந்து அளந்த துளைகள்

சிங்கப்பூர், 1989 ஆகஸ்ட், செவ்வாய் இரவு

நாங்கள் வரைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பெட்டி மூடியின் அகலத்தைக் கொஞ்சம் கூட்டச் சொல்லி வாடிக்கையாளரிடமிருந்து காலையில் ஃபேக்ஸ் வந்தது. ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானே மாறும் என்றுதான் கம்ப்யூட்டரில் வரைகிற இந்தப் புது சாஃப்ட்வேரையே வாங்கினோம். மாற்றினேன். திருகுத் துளைகள் எல்லாம் காணாமல் போயின.

"மெஷினுக்குப் பைத்தியம் லா, ஸ்டெல்லா. துளைய மட்டும் புதுசா போட்டு அனுப்பிடுவோம்," என்றார் பக்கத்து மேசை காதர். அந்த மூடியை வரைந்தவரே அவர்தான். இன்றைக்குள் சரியாகாவிட்டால் பழைய டிராயிங் போர்டுக்கே போகலாம் என்றார் மேனேஜர். எனக்குக் கோபம் வந்தது. அதில் குனிந்து குனிந்து என் முதுகு போனது போதும்.

மூடியில் கடைசியாக வரைந்து சேர்த்த பகுதியிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொன்றாகத் திரையில் வராமல் நிறுத்திப் பார்த்தேன். மூலை வளைவை நிறுத்தியதும் புரிந்தது. காதர் துளைகளை அந்த வளைவின் ஓரத்திலிருந்து அளந்திருக்கிறார். அகலம் மாறியதும் வளைவு நகர்ந்து, துளைகளுக்குப் பிடிமானம் போய்விட்டது. எல்லாவற்றையும் நடுக்கோட்டிலிருந்து திரும்ப அளந்தேன். வளைவைக் கடைசியில் சேர்த்தேன். பிறகு எந்த எண்ணைக் கொடுத்தாலும் துளைகள் ஒழுங்காக நின்றன. ஒட்டுப்போடுகிற வேலையே கூடாது என்று காதரிடம் பெரிதாகப் பேசினேன். பாவம், நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார்.

கிளமெண்டி வீட்டுக்கு வந்தால், புது டிவி அலமாரி வந்திருந்தது. பழையதைவிட அகலம். அதற்கு மேலே மாதா படம் ஒரு பக்கமாக ஒதுங்கித் தெரிந்தது. பழைய அலமாரியின் ஓரத்திலிருந்து அளந்து ஆணி அடித்தாராம் என் வீட்டுக்காரர்.

"சுவரோட நடுவிலேருந்து அளந்திருக்கணும்," என்றேன்.

அவர் பூச்சாடியை எடுத்துக் காலியான பக்கத்தில் வைத்தார். "இப்ப?"

தள்ளி நின்று பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

காதரிடம் சொல்ல மாட்டேன்.